ஒரு கணினி, இரு இயங்குதளம்

(மம்சாபுரத்தில் மாணவரும் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேற்கே மலையும், ஒரு பக்கம் ராஜபாளையமும், மறுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூருமாக அமைந்த இவ்வூரில் கணினியைப் பற்றிப் பிரசங்கம் செய்வதென்றால், உலகத்தில் எங்கெங்கோ நடக்கும் அதிசயங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவது சுலபம். ஆனால் உங்களில் அநேகருடைய வீட்டு அலமாரியில், துணி சுற்றியோ பையிலிட்டோ, இன்றைக்கும் இருந்துகொண்டிருக்கிற ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதுதான் பிரயோஜனமுடையது என்று எனக்குத் தோன்றிற்று. பன்னிரண்டாம் வகுப்பிலோ கல்லூரியிலோ பயின்ற காலத்தில் உங்கள் பிள்ளைகள் அரசாங்கத்திடமிருந்து பெற்றுவந்த விலையில்லா மடிக்கணினியைத்தான் சொல்கிறேன். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த அத்திட்டத்தில், எல்காட் என்னும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் வாயிலாக, முதலாண்டுக்கு மாத்திரமே ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கி விநியோகிப்பது என்று நிச்சயித்தார்கள். இலக்கம் பெரிதுதான். ஆனால் அந்தக் கணினிகளைப் பற்றி நினைக்குந்தோறும் எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றின் எண்ணிக்கை அன்று. விசையை அழுத்தியதும் நேராக ஒரே திரைக்குள் நம்மைக் கொண்டுபோய் விடாமல், கறுப்புப் பின்னணியில் சில வரிகளைக் காட்டி, விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று தெரிந்தெடுக்கச் சில விநாடிகள் காத்திருந்த அந்த ஏற்பாடே ஆகும். ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்து, தொடங்கும்போது வேண்டியதை எடுத்துக்கொள்ளும் இம்முறையை டூயல் பூட் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எவ்வாறு நடக்கிறது, நம் கணினிகளில் அது எவ்வாறு அழிந்துபோயிற்று, மறுபடியும் அதை அமைத்துக்கொள்வது எப்படி என்பவைதான் இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட விஷயம்.

விண்டோஸைப் பற்றி உங்களுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. மற்றொன்றின் பூர்விகத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் அது நம் தேசத்தில், அதிலும் சென்னையில் உருவாக்கப்பட்டது என்பதைக்கூட அறியாமல் அதை உபயோகித்தவர்களும் உபயோகிக்காமலே விட்டவர்களும் நம்மில் ஏராளம். 2005-ஆம் ஆண்டில் மத்திய அரசின் ஆதரவுடன், குரோம்பேட்டையிலுள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும், சி-டாக் ஸ்தாபனத்தின் சென்னை மையமும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கென ஒரு தேசிய வள மையத்தை நடத்த ஆரம்பித்தன. அம்முயற்சியின் பலனாக 2007-இல் வெளிவந்ததே, பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்ற நெடும்பெயர் சுருங்கி பாஸ் என வழங்கும் இயங்குதளம். இதை ஆதியிலிருந்து புதிதாகச் சிருஷ்டித்தார்கள் என்று சொன்னால் தவறாகும். 1993 முதல் பல நாட்டுத் தன்னார்வலர்கள் கூடிப் பேணிவரும் டெபியன் என்ற தொகுப்பின் மீது, இந்திய மொழிகளில் எழுதவும் படிக்கவும் வேண்டிய வசதிகளைச் சேர்த்து அமைத்தார்கள். அந்த டெபியனுக்கு உயிர்நாடியாக இருப்பது, பின்லாந்து தேசத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ். அதைச் சூழ்ந்து நிற்கும் அடிப்படைக் கருவிகளில் பல, 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வந்தவை. ஆகவே நம் மாணவரின் மடியில் வந்து சேர்ந்த அந்தப் பாகத்தில், முகமறியாத ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு, விலை கேட்காமல், மூலநிரலை மறைக்காமல், யாரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் கூடிய நிலையில் அடங்கியிருந்தது.

அதே கணினியின் மற்றொரு பாகத்தில் இருந்ததோ விண்டோஸ் 7-இன் ஸ்டார்ட்டர் பதிப்பு. சிறிய கணினிகளுக்கென்று சுருக்கி விற்கப்பட்ட அப்பதிப்பு 2 ஜி.பி.க்கு மேற்பட்ட நினைவகத்தை உபயோகிக்காது. திரையின் பின்னணியில் தோன்றும் படத்தை மாற்றிக்கொள்ளக்கூட அதில் அனுமதி இல்லை. ஒருபுறம் சுவரில் மாட்டிய படத்தைக்கூட மாற்ற முடியாத வீடு, மறுபுறம் அஸ்திவாரத்தின் வரைபடத்தையே கையில் கொடுத்துவிட்ட வீடு, இரண்டும் ஒரே கணினிக்குள். இந்த வித்தியாசத்தை எந்த வகுப்பறையிலாவது ஒரு மணி நேரம் நின்று விளக்கியிருந்தால், சுதந்திரம் என்ற பதத்துக்கு யந்திர உலகத்தில் என்ன பொருள் என்பதைப் பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் கைப்பழக்கத்திலேயே அறிந்துகொண்டிருப்பார்கள். எல்காட் நிறுவனத்துக்கும் இது புதிய பாடம் அன்று. அந்நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக உமாசங்கர் அவர்கள் இருந்த காலத்தில், மடிக்கணினித் திட்டம் வருவதற்குச் சில ஆண்டுகள் முந்தியே, தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றி, ஓர் அரசாங்க அலுவலகம் அதைக் கொண்டு அன்றாடக் காரியங்களை நடத்த முடியும் என்று செய்து காட்டிய ஸ்தாபனம் அது.

இனி, ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்கள் எப்படிக் குடியிருக்கின்றன என்பதைப் பார்ப்போம். விவசாயக் குடும்பங்கள் நிறைந்த இந்த அவையில் இதை விளக்குவது எனக்கு எளிது. தகப்பனார் காலத்துக்குப் பின் அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பாகப்பிரிவினை செய்துகொள்ளும்போது, வரப்பு போட்டு இன்னாருக்கு இவ்வளவு என்று அளந்துவிடுகிறோம். நடுவிலிருக்கும் கிணற்றை அளந்து பிரிக்க இயலாது. ஆகையால் அதற்கு முறை வைத்து, அண்ணன் முறையில் தம்பி மோட்டார் போடுவதில்லை என்று பத்திரத்திலேயே எழுதிவிடுகிறோம். கணினியின் வன்வட்டு நிலத்தைப் போன்றது. பார்ட்டிஷன் என்று சொல்லப்படும் பாகங்களாக அது பிரிக்கப்படுகிறது. செயலியும் நினைவகமும் கிணற்றைப் போன்றவை. எந்த இயங்குதளத்தின் முறையோ, அதற்கு அவை முழுவதும் சொந்தம். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடுவதில்லை. ஒன்றை அணைத்துத்தான் மற்றொன்றைத் தொடங்க வேண்டும்.

விண்டோஸுக்குள்ளேயே ஒரு மென்பொருளைப் போட்டு, அதனுள்ளே லினக்ஸைக் கற்பனைக் கணினியாக ஓட்டும் வழியும் உண்டு. வசதியானதுதான், ஆனால் அவ்வழியில் கிணற்றுத் தண்ணீரை இருவரும் ஒரே நேரத்தில் இறைக்கிறார்கள். 16 ஜி.பி. நினைவகமுள்ள கணினியில் அது தெரியாமல் போகலாம். 2 அல்லது 4 ஜி.பி. உள்ள கணினியில் இரண்டுமே தவித்து நின்றுவிடும். கையிலிருக்கும் ஒரே பழைய கணினியைக் கொண்டு படித்து முன்னேற வேண்டிய குடும்பங்களுக்கு டூயல் பூட்டே தகுந்தது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இந்தப் பாகப்பிரிவினைக்கு வயது நாற்பதுக்கு மேல் ஆகிறது. 1983-இல் ஐ.பி.எம். நிறுவனம் எக்ஸ்.டி. என்ற கணினியை 10 எம்.பி. வன்வட்டோடு வெளியிட்டபோது, அதனுடன் வந்த டாஸ் 2.0, ஒரு வட்டை நான்கு பாகங்களாகப் பிரித்து, வெவ்வேறு பாகங்களில் வெவ்வேறு இயங்குதளங்களை வைத்துக்கொள்ள இடமளித்தது. அந்தப் பிரிவினையின் பதிவு முழுவதும் வட்டின் முதல் துண்டில், 512 பைட்டுக்குள் அடங்கியிருந்தது. அதில் 446 பைட் கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல். 64 பைட் நான்கு பாகங்களின் எல்லைகளைக் குறிக்கும் அட்டவணை, பாகம் ஒன்றுக்கு 16 பைட் வீதம். மிஞ்சிய 2 பைட் இது செல்லுபடியாகும் பதிவே என்பதற்கான முத்திரை. நம் 2011-ஆம் ஆண்டுக் காலத்துக் கணினிகளில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டின்படியே நடந்தன. விசையை அழுத்தியதும், தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் நிரல் விழித்து, நினைவகமும் விசைப்பலகையும் திரையும் ஒழுங்காக உள்ளனவா என்று சோதித்து, வட்டின் அந்த முதல் 512 பைட்டை எடுத்து நினைவகத்தில் வைத்து, இனி உன் பொறுப்பு என்று ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. 446 பைட்டுக்குள் தெரிவுப் பட்டியலும் எழுத்துருவும் படமும் எப்படி அடங்கும்? அடங்கா. ஆகவே அச்சிறு நிரல், தன்னைக் காட்டிலும் பெரிதான அடுத்த பகுதியை வட்டின் வேறிடத்திலிருந்து அழைத்துவருவதோடு தன் கடமையை முடித்துக்கொள்கிறது. அப்படி அழைத்துவரப்படும் பகுதிகளுள் பிரசித்தி பெற்றது, 1995-இல் எரிக் போலின் என்பவர் எழுதத் தொடங்கிய கிரப். கறுப்புத் திரையில் நாம் பார்த்த பட்டியல் அதனுடையதே.

இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டால், பாஸ் லினக்ஸ் நம் வீடுகளிலிருந்து எப்படி மறைந்தது என்பதும் விளங்கிவிடும். கணினி வந்து சில மாதங்களில் பென்டிரைவ் வழியாக வைரஸ் புகும், வேகம் குறையும், பையன் அதைத் தூக்கிக்கொண்டு டவுனிலுள்ள கடைக்குப் போய், "அண்ணே, ஃபார்மட் அடிச்சுக் குடுங்க" என்பான். கடைக்காரர் தம் கையிலிருக்கும் விண்டோஸ் ஒன்றை மறுபடி நிறுவுவார். விண்டோஸை நிறுவும் நிரலுக்கு ஒரு சுபாவம் உண்டு: வட்டில் வேறொருவர் இருக்கிறாரா என்று விசாரிக்காமல், முதல் துண்டிலுள்ள தொடக்க நிரலைத் தன்னுடையதாக மாற்றி எழுதிவிடும். அந்தக் கணத்திலேயே தெரிவுப் பட்டியல் போய்விட்டது. லினக்ஸின் பாகம் அழியவில்லை. அதன் கோப்புகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அதற்குப் போகும் வழி மாத்திரம் அடைபட்டது. வழி அடைபட்டதை அறியாதவர்கள் அது இல்லையென்றே கருதினார்கள். பிறகு ஒருநாள், விண்டோஸுக்குப் புலப்படாத அந்தப் பாகம் எதற்கு வீணாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அதையும் அழித்து ஒன்றாக்கிவிட்டார்கள். யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. கடைக்காரரிடம் கேட்டது வேகம். அவர் கொடுத்ததும் வேகம். குறை எங்கே என்றால், கணினியைக் கொடுத்தபோது அதன் இரண்டாம் பாகத்தை எப்படி உபயோகிப்பது, கெட்டால் எப்படி மீட்பது என்று சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியரை ஒவ்வொரு பள்ளிக்கும் தயார் செய்யாமல் விட்டோமே, அங்கே.

இது ஆகாத காரியம் என்று சொல்லவும் முடியாது. நம் கண்ணெதிரே தெரிகிற இந்த மலைத்தொடருக்கு அப்புறம், கேரளத்துப் பள்ளிகளில், ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி, 2017 முதல் கைட் என்ற நிறுவனமாக நடந்துவரும் திட்டம், லினக்ஸைக் கொண்டே பள்ளிப் பாடத்தையும் பத்தாம் வகுப்பின் கணினித் தேர்வையும் நடத்திவருகிறது. அவர்கள் முதலில் பயிற்றுவித்தது மாணவரை அன்று, ஆசிரியரை. அதிலிருந்துதான் மற்றதெல்லாம் பின்தொடர்ந்தது. நம்மிடம் கணினி ஏராளமாக இருந்தது. அவர்களிடம் பழக்கிவிடும் ஆள் இருந்தார்.

இரண்டும் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். தர்மசங்கடமான கேள்வி அன்று. பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெசவுசெய்து அனுப்பும் ஒரு சிறு முதலாளியின் கணக்கெல்லாம் டாலி என்னும் கணக்கு மென்பொருளில் இருக்கும். டாலி விண்டோஸில் நடப்பதற்கென்று அமைந்தது. அவருடைய மகள் கிருஷ்ணன்கோவிலிலோ ராஜபாளையத்திலோ பொறியியல் படிக்கிறாள். அவள் எழுதும் பைத்தான் நிரலும், சி நிரலும், அவள் பின்னர் வேலைக்குப் போகும் இடத்திலுள்ள பெருங்கணினிகளும் லினக்ஸோடு சம்பந்தப்பட்டவை. உலகத்து இணையத் தளங்களைத் தாங்கி நிற்கும் கணினிகளில் பெரும்பான்மை லினக்ஸில்தான் ஓடுகின்றன. தகப்பனாருக்கு ஒரு கணினி, மகளுக்கு ஒரு கணினி என்று வாங்க இரட்டிப்புச் செலவு செய்ய வேண்டாம். ஒரு கணினியில் இருவருக்கும் இடமுண்டு. தமிழில் எழுதுவதிலும் குறைவில்லை. 1999-இல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் கிடைக்கிறது. தமிழ் ஒருங்குறி எழுத்துக்கள் எங்கும் போலவே அங்கும் தெரியும். தமிழிலேயே படித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு, 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றி எழுதிவரும் கணியம் என்ற இதழின் கட்டுரைகள் இருக்கின்றன.

மற்றொரு காரணம் சமீப காலத்தில் வந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் பொதுவான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-ஓ, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய செயலியும் இருந்தாலன்றித் தன்னை நிறுவ முறைப்படி இடங்கொடுப்பதில்லை. ஆகவே திரை தெளிவாக இருக்கிற, விசைப்பலகை நன்றாக இருக்கிற, எத்தனையோ கணினிகள் மென்பொருளின் வயது முடிந்துவிட்ட காரணத்தினாலேயே பழுதெனத் தள்ளப்படுகின்றன. அவற்றில் ஒரு லேசான லினக்ஸைச் சேர்த்து, இணையத்துக்குப் போகும் காரியங்களையெல்லாம் அதில் வைத்துக்கொண்டு, பழைய கணக்கு மென்பொருளுக்காக மாத்திரம் விண்டோஸை இணையத் தொடர்பில்லாமல் வைத்துக்கொள்வது, செலவற்ற, ஆபத்து குறைந்த மார்க்கம்.

சமீபத்தில் வாங்கிய கணினி உள்ளவர்களுக்கும் சில வார்த்தை சொல்ல வேண்டும். பயாஸின் இடத்தில் இப்போது யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய அமைப்பு வந்திருக்கிறது. 512 பைட்டின் நெருக்கடி அதில் இல்லை. பாகங்களின் அட்டவணை ஜி.பி.டி. என்ற முறையில் விரிவாக எழுதப்பட்டு, அதன் நகல் ஒன்று வட்டின் கடைசியிலும் வைக்கப்படுகிறது. நான்கு பாகம் என்ற வரம்பு போய், சாதாரணமாக 128 பாகங்கள் வரை இடமுண்டு. தொடக்க நிரல்களுக்கென்று ஒரு சிறு பாகம் தனியே ஒதுக்கப்பட்டு, அதில் விண்டோஸுக்கு ஒரு கோப்புறை, லினக்ஸுக்கு ஒரு கோப்புறை எனத் தனித்தனியே அமைவதால், ஒன்று மற்றொன்றின் மேல் எழுதி அழிக்கும் பழைய அபாயம் வெகுவாகக் குறைந்துவிட்டது. எது முதலில் என்ற வரிசை தாய்ப்பலகையின் நினைவில் இருக்கும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல், கையொப்பமில்லாத தொடக்க நிரலை அனுமதிக்காத செக்யூர் பூட் என்ற பாதுகாப்பும் பரவியது. லினக்ஸ் வராமல் அது தடுத்துவிடும் என்று அக்காலத்தில் பலர் கவலைப்பட்டதுண்டு. உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகிய தொகுப்புகள் முறையாகக் கையொப்பம் பெற்ற சிறு நிரலோடு வருவதனால், இன்று அதை அணைக்காமலே நிறுவலாம்.

நிறுவும் கிரமத்துக்கு வருகிறேன். இங்கேதான் நான் உங்களை அவசரப்பட வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்வது. முதற்காரியம் காப்புப்படி. கல்யாணப் புகைப்படம், சான்றிதழ்களின் நகல், பட்டா சிட்டா நகல், கல்லூரி ஒப்படைப்பு, டாலியின் கணக்குக் கோப்புகள் ஆகியவற்றை வேறொரு வட்டிலோ பென்டிரைவிலோ எடுத்து, எடுத்தவற்றை வேறு கணினியில் திறந்து பார்த்து, திறக்கின்றன என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே மேலே போக வேண்டும். வட்டைப் பிரிக்கும்போது மின்சாரம் போனாலோ, தவறான பாகத்தைத் தெரிந்தெடுத்தாலோ, எந்த நிபுணராலும் முழுவதும் மீட்டுத்தர முடியாத நஷ்டம் நேரக்கூடும். மடிக்கணினியின் மின்கலம் உயிரோடில்லாத பட்சத்தில், மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் இக்காரியத்தைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, விண்டோஸுக்குள் செய்ய வேண்டியவை. புதிய கணினிகளில் பிட்லாக்கர் என்னும் பூட்டு, உரியவர் அறியாமலே போடப்பட்டிருக்கலாம். தொடக்க அமைப்பை மாற்றியதும், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கொடு என்று அது கேட்கும். ஆகையால் அச்சாவியை முன்கூட்டியே தேடிக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 8 தொடங்கி உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதியை நிறுத்திவிட வேண்டும். அது இருக்கும்வரை, அணைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் விண்டோஸ் உண்மையில் பாதித் துயிலில் இருக்கிறது. தன் பாகத்திலுள்ள கோப்புகளைக் கையில் பிடித்தவண்ணமே இருக்கிறது. அந்த நிலையில் லினக்ஸ் அப்பாகத்தில் எழுதினால் கோப்புகள் சிதையும். லினக்ஸும் இதை அறிந்து, படிக்க மாத்திரம் அனுமதித்து எழுத மறுத்துவிடுவதுண்டு. அதைப் பிழையென்று எண்ணிக்கொண்டு பலர் வீணாகத் திண்டாடுகிறார்கள். பின்னர், விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மெண்ட் என்ற கருவியைக் கொண்டு அதன் பாகத்தைச் சுருக்கி, 40 அல்லது 50 ஜி.பி. காலியிடம் உண்டாக்க வேண்டும். காலியாகத் தெரிகிற இடம் முழுவதையும் சில வேளை அது விட்டுக்கொடுக்காது. நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். வேறு கருவியைக் கொண்டு பலவந்தம் செய்யாமல், கிடைத்ததோடு திருப்தியடைவது உத்தமம், 25 ஜி.பி. இருந்தாலே படிப்புக்குப் போதும்.

அதன் பிறகு, லினக்ஸ் தொகுப்பு ஒன்றைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். வட்டைத் தொடாமலே முழு இயங்குதளமும் பென்டிரைவிலிருந்து ஓடும் இந்த வசதி மிகச் சிறந்தது. ஒய்ஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, திரையின் வெளிச்சம் குறைகிறதா கூடுகிறதா என்பவற்றையெல்லாம் ஒரு நாள் முழுவதும் பழகிப் பார்த்துவிட்டு, மனம் ஒப்பினால் நிறுவுங்கள். ஒப்பாவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள், உங்கள் கணினி பழையபடியே இருக்கும். ஸ்டார்ட்டர் பதிப்பு 32 பிட்டாக இருந்ததனால் உங்கள் கணினியும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். அக்காலத்துச் செயலிகள் பெரும்பாலும் 64 பிட்டைத் தாங்குபவையே. நிறுவும்போது கேட்கப்படும் கேள்விகளில் உயிர்நிலையானது ஒன்றே: வட்டு முழுவதையும் அழித்து நிறுவுவதா, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவதா என்பது. அந்தத் திரை வந்ததும் கையை எடுத்துவிட்டு, இரண்டு தரம் படித்துவிட்டு, பக்கத்தில் நிறுவுவதையே தெரிந்தெடுங்கள். விண்டோஸ் முந்தியும் லினக்ஸ் பிந்தியுமாக நிறுவும் வரிசையே சௌகரியமானது. லினக்ஸ் பின்னால் வரும்போது, ஏற்கெனவே இருப்பவரையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது.

நிறுவி முடித்தவர்கள் மறுநாளே ஒரு விசித்திரத்தைக் காண்பார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பயந்துவிடுவீர்கள். கடிகாரம் பொய் சொல்லும். அதுவும் ஏதோ ஒரு கணக்கில் அன்று, மிகச் சரியாக ஐந்தரை மணி நேரம். கணினியின் தாய்ப்பலகையில் சிறு மின்கலத்தால் ஓடும் ஒரு கடிகாரம் உண்டு. அதிலிருப்பது நம் ஊர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அதிலிருப்பது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொண்டு, இந்தியாவுக்கென்று ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டுகிறது. மாலை 3 மணிக்கு விண்டோஸை அணைத்து லினக்ஸைத் தொடங்கினால், இரவு 8.30 என்று அது சொல்லும்; இணையம் கிடைத்ததும் அது தன்னைத் திருத்திக்கொண்டு, தாய்ப்பலகையில் காலை 9.30 என்று எழுதிவைக்கும். மறுபடி விண்டோஸுக்குப் போனால் அங்கே காலை 9.30. இரண்டும் ஒன்றையொன்று திருத்தித் திருத்தி முடிவில்லாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். லினக்ஸில் ஒரே கட்டளையால் அதையும் ஊர் நேரத்தைக் கைக்கொள்ளச் செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. தாய்ப்பலகைக் கடிகாரத்தைப் பொது நேரத்தில் வைத்திருப்பதே சாஸ்திரோக்தமானது என்று வல்லுநர்கள் சொல்வார்கள், அது நியாயமும்கூட. ஆனால் விண்டோஸை அதற்கு இணங்க வைப்பதைக் காட்டிலும் லினக்ஸை இணங்க வைப்பது புதியவர்களுக்குச் சுலபம்.

கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதிலும் ஒரு விதி உண்டு. விண்டோஸின் பாகத்தை லினக்ஸ் படிக்கவும் எழுதவும் வல்லது. லினக்ஸின் பாகத்தை விண்டோஸ் தானாகப் படிக்காது. இருவரும் பார்க்க வேண்டிய பாடக்குறிப்பும் படமும் விண்டோஸின் பாகத்திலேயோ, அதே வகையில் அமைத்த மூன்றாவது ஒரு பொதுப் பாகத்திலேயோ இருக்கட்டும். விண்டோஸின் பாகத்துக்குள்ளே டாலியின் கணக்குக் கோப்புகளை லினக்ஸிலிருந்து திறந்து திருத்தும் ஆசை மாத்திரம் யாருக்கும் வேண்டாம்.

பெரிய விண்டோஸ் புதுப்பித்தல் ஒன்று வந்த பிறகு, தெரிவுப் பட்டியல் காணாமல் நேராக விண்டோஸே திறந்தால், முன்போல லினக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புதிய கணினியாயின், தொடங்கும்போது எஃப் 2, எஃப் 12 அல்லது டெலீட் விசையை அழுத்தி உள்ளே சென்று, தொடக்க வரிசையில் லினக்ஸை மறுபடி முதலில் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய கணினியாயின், அதே பென்டிரைவிலிருந்து தொடங்கி, கிரப்பை மறுபடி எழுதிவைக்க வேண்டும். பழகிய கைக்குக் கால் மணி நேர வேலை.

வரும் ஆண்டுகளில் இந்த அறிவு இன்னும் அவசியப்படும். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ கொடுப்பதென்று தமிழக அரசு அறிவித்தது. புதியவை வருகிற வீட்டில் பழையவையும் இருக்கும். ஆகவே இங்குள்ள ஆசிரியப் பெருமக்களிடம் என் விண்ணப்பம் இது: இப்பகுதியின் ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரும், அவரோடு ஆர்வமுள்ள இரண்டொரு மாணவரும், காப்புப்படி எடுப்பதையும், பாகம் பிரிப்பதையும், பட்டியலை மீட்பதையும் முழுமையாகக் கற்றுக்கொள்ளட்டும், பள்ளியில் லினக்ஸ் எழுதிய 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். ஃபார்மட் அடிக்கக் கடைக்குப் புறப்படும் பிள்ளை முதலில் அவர்களிடம் வந்து கேட்கட்டும். கடை வைத்திருக்கும் அன்பர்கள் இந்த அவையில் இருந்தால், அவர்களும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம். வாடிக்கைக்காரரிடம் அந்த இரண்டாவது பாகம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவர்கள் வேலையைத் தொடங்கினால், அதுவே பெரிய உபகாரம்.

சபைத் தலைவர் அவர்கள் கேள்விகளுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பழைய மடிக்கணினியைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். இருக்கிற கோப்புகளையெல்லாம் வேறிடத்தில் எடுத்து வைத்தாகிவிட்டதா என்று முதலில் பார்த்துவிட்டு, பென்டிரைவிலிருந்து ஒவ்வொன்றாகத் தொடங்கிப் பார்ப்போம்.